மன்னார்க் கரைக்குக் காட்சி வந்த வழி

ஒரு செய்தி பிறக்கும் இடத்துக்கும் அது சென்று சேரும் இடத்துக்கும் நடுவே ஒரு வழி உண்டு. வழி செவ்வையாக இருக்கும் நாளில் அதனை எவரும் நினைப்பதில்லை. அது முறிந்த பின்னரே நினைக்கின்றோம். இன்று மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் இணையக் காணொளி காணாத வீடு அரிது. பாடமும் பாட்டும், பூசையும் தொழுகையும், வெளிநாட்டிலுள்ள மகனின் முகமும் அவ்வழியாகவே வருகின்றன. காட்சி ஓடிக்கொண்டிருக்கையில் சடுதியாக நின்றுவிடும். திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுழலும். சிலவேளை குரல் கேட்கும், படம் இராது. சிலவேளை பக்கமே திறவாது. அப்போது நாம் செய்வது யாது? கருவியைத் தட்டுகின்றோம், ஒரே பொத்தானைப் பத்துமுறை அழுத்துகின்றோம், ஈற்றில், “இந்த ஊருக்குச் சிக்னல் வராது” என்று கூறி எழுந்துவிடுகின்றோம்.

இம்முடிவு சிலவேளை சரியாகலாம், பலவேளை பிழையாகும். வழி எங்கே முறிந்தது என்பதைத் தேடாமல் கூறப்படும் முடிவு அது. மன்னார்க் கரைக்குச் செய்தியும் ஒலியும் காட்சியும் வந்து சேர்ந்த வரலாற்றை நோக்கினால், ஒவ்வொரு காலத்திலும் மக்கள் இதே கேள்வியை எதிர்கொண்டனர் என்பது புலனாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதிலிருந்து இன்றைய உலாவிக்கும் காணொளிக்கும் உரிய சில பாடங்களை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பண்டைக்காலத்தில் செய்தி கப்பலேறி வந்தது. மாதோட்டம் பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தை உடையது. அதுவே பெருந்துறையாகவும் விளங்கிற்று. 1980 முதல் 1984 வரை மாந்தையில் நடைபெற்ற அகழ்வாய்வில் சீனத்துப் பீங்கானும் பாரசீகத்து மட்பாண்டமும் ஒருங்கே கிடைத்தன. கிழக்கும் மேற்கும் இங்கே சந்தித்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அக்காலத்தில் செய்தி பிந்தினால் காரணம் வெளிப்படையானது: காற்று மாறிற்று, அல்லது கப்பல் ஆழ்ந்தது. கரையில் நிற்பவன் கடலைப் பார்த்தே காரணத்தை அறிந்துகொண்டான்.

தந்தி வந்தபோது இந்நிலை மாறிற்று. 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடலாயிற்று. அதனையொட்டிய காலத்திலேயே தந்திக் கம்பி மன்னார்வரை நீட்டப்பெற்றுக் கடலடிக் கம்பி வழியாக இந்தியத் தந்தியோடு இணைக்கப்பட்டது. மன்னாரை ஏன் தெரிந்தெடுத்தனர் என்பது விளங்குவதற்கு அரிதன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ இருபது மைல் அகலமே உடையது, மணற்றிட்டுகள் நிறைந்தது, ஆழமும் குறைந்தது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கடலடியில் ஒரு கம்பியை இடுவதற்கு இதனிலும் குறுகிய இடம் வேறில்லை. ஆயினும் கடலடியில் கிடக்கும் கம்பியைக் கரையில் நிற்பவன் காணமுடியாது. செய்தி நின்றால் கம்பி அறுந்ததா, உறை கிழிந்து உப்புநீர் புகுந்ததா, எதிர்க்கரையிலுள்ள கருவி பழுதானதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. கண்ணுக்குத் தெரியாத வழியிலே பழுது தேடும் கலை மனிதனுக்கு அப்பொழுதுதான் தேவையாயிற்று.

அக்கலையின் முதற்பாடம் பெருங்கடலிலே கற்கப்பட்டது. அதே 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அத்திலாந்திக்குக் கம்பி இடப்பெற்றது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்து 98 சொற்களை உடையது. அது போய்ச் சேர 16 மணித்தியாலம் சென்றது. சைகைகள் மங்கலாக வருவதைக் கண்ட பொறியாளர் வைற்ஹவுஸ் என்பார், வலிமையைக் கூட்டினால் சைகை தெளியும் என எண்ணினார். ஏறத்தாழ 2,000 வோல்ற்று அளவான மின்னழுத்தத்தைக் கம்பியிலே செலுத்தினார். ஏற்கனவே நலிந்திருந்த கம்பி சில வாரங்களுள் அடியோடு மடிந்தது. வில்லியம் தொம்சன் என்னும் பேரறிஞரோ வேறு வழியிற் சென்றார். அவர் வலிமையைக் கூட்டவில்லை. மிக மெல்லிய சைகையையும் காட்டவல்ல ஒரு நுண்ணிய கருவியை ஆக்கினார். 1866ஆம் ஆண்டில் நிலைத்த கம்பி இடப்பட்டபோது வென்றது தொம்சனின் முறையே.

தந்தியாளர் பின்னர் வேறொரு முறையையும் கண்டனர். ஒரு மைல் நீளமான கம்பி மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை கொடுக்கும் என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தனர். கம்பி பழுதானால் கரையிலிருந்தபடியே தடையை அளந்து, அதனைக் கொண்டு பழுது எத்தனையாவது மைலில் உள்ளது எனக் கணக்கிட்டனர். திருத்துங் கப்பல் நேரே அவ்விடத்துக்குச் சென்றது. முழுக்கம்பியையும் இழுத்துப் பார்க்கவேண்டிய தேவை ஒழிந்தது. முதலில் இடத்தை அறி. பிறகு கை வை என்பதே அம்முறையின் சாரம்.

அடுத்து வந்தது வானொலி. இலங்கையில் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியாளராயிருந்த எட்வேர்ட் ஹாப்பர் என்பவர் 1924ஆம் ஆண்டிற் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1949ஆம் ஆண்டில் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் ஏற்பட்டது. மத்திய அலை கடல்நீரின்மீது தவழ்ந்து நெடுந்தூரம் செல்லும் இயல்புடையது. ஆதலினாலேயே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டின் தென்கரையெங்கும் தெளிவாகக் கேட்டது. மன்னாரிலோ இரு நாட்டு ஒலிபரப்பும் சேர்ந்து கேட்டன. இரவிற் சேய்மை நிலையங்கள் குறுக்கிடும். இடி மின்னற் காலத்தில் இரைச்சல் மிகும். கேட்பவன் பெட்டியைத் திருப்பி வைத்தும், வான்கம்பியை உயர்த்தியும், நிலையத்தைச் சற்று விலக்கிப் பிடித்தும் ஒலியைத் தெளிவித்துக்கொண்டான்.

1990க்குப் பின் வடபுலத்தில் மின்சாரம் அற்ற ஆண்டுகள் பல கழிந்தன. பற்றரியும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அதன் சில்லைக் கையாற் சுழற்றி, வெளிச்சத்துக்கென அமைந்த டைனமோவினால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். சில்லு நின்றால் ஒலி நிற்கும். பழுதின் இடத்தை அறிய அங்கே ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. சுற்றுபவனின் கை களைத்ததே காரணம். இடம்பெயர்ந்து எங்கெங்கோ சிதறிய உறவினரின் நிலையை அறிய அக்குரல் ஒன்றே துணையாயிருந்தது. செய்தி வழி முறிவது வெறும் வசதிக்குறைவன்று. அது மனத்தை அறுக்கும் துன்பம் என்பதை அத்தலைமுறையினர் நன்கறிவர்.

ஒலியின் பின்னே காட்சி வந்தது. இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்பிரிலிலும், ரூபவாகினி 1982 பெப்பிரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1980களின் பிற்பகுதியிற் கொடைக்கானல் மலையில் தூரதர்சன் நிலையத்தின் வலிய ஒலி ஒளி பரப்பி அமைந்தது. கொடைக்கானலுக்கும் மன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரம் உண்டு. தொலைக்காட்சி அலை வானொலியின் மத்திய அலைபோல் நிலத்தைத் தழுவிச் செல்வதன்று. பார்வை செல்லுமளவே செல்வது. 2,100 மீற்றர் உயரத்திலிருந்து நோக்கினும் பூமியின் வளைவு காரணமாக 190 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தாழ்நிலம் மறைந்துவிடும். அவ்வாறாயின் மன்னாரிற் படம் தெரிந்தது எங்ஙனம்? கடலின்மேல் அமைதியான வேளைகளில் வெப்பமான காற்று ஒரு போர்வைபோல் மேலேயும், ஈரமான குளிர்காற்று கீழேயும் படிந்து நிற்கும். அவற்றுக்கு இடையே அலை ஒரு குழாயினுட் செல்வதுபோல் வளைந்து நெடுந்தூரம் செல்லும். காற்று எழுந்தால் அப்போர்வை கலையும், படமும் கலையும்.

இதனை அறியாதார் உயரமான இரும்புக் குழாயில் அன்ரெனா கட்டி, ஒருவர் மேலே ஏறித் திருப்ப, மற்றவர் கீழே நின்று “வருது, வருது, போச்சு!” என்று கூவ, மாலைப்பொழுதெல்லாம் கழித்தனர். சிலர் ‘பூஸ்டர்’ என்னும் பெருக்கியை வாங்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிற் பொருத்தினர். அதனாற் பயன் விளையவில்லை. நீண்ட கம்பி வழியாக இறங்கி வரும்போது படம் நலிந்து இரைச்சல் மிகுந்துவிடுகின்றது. பெருக்கி அவ்விரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகின்றது. அதே பெருக்கியைக் கம்பத்தின் உச்சியில், அன்ரெனாவின் அருகிற் பொருத்தியவருக்குப் பயன் கிடைத்தது. கருவி ஒன்றே, பொருத்திய இடமே வேறு. அத்திலாந்திக்குக் கம்பி கற்பித்ததையே கூரைமேல் நின்ற குழாயும் கற்பித்தது.

இனி இணையத்துக்கு வருவோம். இலங்கையில் வணிக முறையான இணையச் சேவை 1995ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தும் சிறு படமும் வருவதே அன்று பெரிதாகக் கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டில் யூரியூப் தளம் தோன்றியது. 2006ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே பாரத்–லங்கா என்னும் ஒளிநார்க் கடலடிக் கம்பி இடப்பெற்றது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அக்கம்பி மன்னார்க் குடாவின் நீரடியிலே கிடக்கின்றது. பண்டைத் தந்திக் கம்பி மன்னாரிற் கரையேறிற்று. இந்த ஒளிக்கம்பியோ நமது குடாவின் வழியாகச் சென்றும் தெற்கே கரையேறுகின்றது. ஆதலால் நமக்கு வரும் காட்சி தெற்கே இறங்கிப் பின் தரை வழியாகவும் கோபுரங்கள் வழியாகவும் வடக்கே வந்து, நெடுவழி கடந்தே நமது கையை அடைகின்றது.

2009இற் போர் முடிந்தது. 2010இல் மன்னார்ப் பாலம் மீள அமைக்கப்பட்டது. 2015 மார்ச்சு 14ஆந் தேதி தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் ஓடியது. அவற்றோடு ஒப்பக் கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களும் பெருகின. பழைய கச்சேரித் தந்தியும் கவிழ்த்து வைத்த துவிச்சக்கரவண்டியும் கண்ட தலைமுறையின் பேரர்கள் கடற்கரையில் நின்று நகரும் படம் பார்க்கலாயினர்.

காணொளி என்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை ஈண்டு ஒரு கணக்கினால் விளக்குதல் நன்று. உயர்தரப் படம் ஒன்றிற் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உண்டு. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 துணுக்குகள் வேண்டும். ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடவேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடியொன்றுக்கு 124 கோடித் துணுக்குகளுக்கு மேலாகும். இச்சுமையை எந்தக் கோபுரமும் ஒவ்வொரு வீட்டுக்கும் சுமந்து தராது. ஆகவே அனுப்புமிடத்திற் படத்தைச் சுருக்குகின்றனர். பெறுமிடத்தில் உலாவி அதனை விரிக்கின்றது. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். மேலும், படத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒரே படத்தைப் பல தரங்களில் ஆயத்தம் செய்து வைக்கின்றனர். மிகக் குறைந்த தரம் 256க்கு 144 புள்ளிகளே உடையது. உயர்தரப் படத்தின் புள்ளிகளில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. பாலத்தின் அகலத்தை நோக்கி வண்டியின் பருமனைத் தெரிதல்போல, வழியின் வேகத்தை நோக்கி உலாவி தரத்தைத் தெரிந்துகொள்கின்றது.

இதனால் ஒன்று தெளிவாகும். காட்சி நம்மை அடையும் வழியில் மூன்று இடங்கள் உள்ளன: அனுப்பும் இடம், நடுவழி, பெறும் கருவி. பழுது இம்மூன்றில் ஓரிடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அதனை அறியும் குறிகளும் உள. படமும் குரலும் ஒருங்கே நின்று வட்டம் சுழன்றால், துண்டுகள் வந்து சேரவில்லை. பழுது நடுவழியில் உள்ளது. குரல் தங்குதடையின்றி ஓடப் படம் மாத்திரம் கறுத்திருந்தால், துண்டுகள் வந்துவிட்டன. விரிக்கும் வல்லமை கருவிக்கு இல்லை. பக்கமே திறவாது எச்சரிக்கை தோன்றினால், காரணம் வேறு.

இக்குறிகளை நான் நூலிற் கற்றேனல்லேன். ஒரு தவறு செய்து கற்றேன். கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. தொலைக்காட்சியில் ‘குருகெதர’ என்னும் பாட ஒளிபரப்பு நடைபெற்றது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளமும் இருந்தது. 2021இல் மீண்டும் நெடுநாள் மூடப்பட்டபோது எமது ஆசிரியர்கள் தாமே பாடங்களைத் தொலைபேசியிற் பதிந்து இணையத்தில் ஏற்றினர். கணித பாடத்துக்கு மட்டும் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் பதினொருவர் பயிற்சி அனுப்பவில்லை. பெற்றோர் கடலுக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் அசட்டையாய் இருக்கின்றனர் என்றே நான் எண்ணினேன். “பிள்ளையின் படிப்பிற் கவனம் வையுங்கள்” எனக் கண்டிப்பாக ஒரு கடிதமும் எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு தாய் பாடசாலைப் படலையடிக்கு வந்தார். கையில் ஒரு பழைய தொலைபேசி. “சேர், பிள்ளை பார்க்காமல் இல்லை. நீங்களே ஒருக்காப் பாருங்கோ” என்றார். பாடத்தை ஓடவிட்டார். ஆசிரியரின் குரல் சற்றும் தடைப்படாது தெளிவாகக் கேட்டது. திரையோ இருண்டு கிடந்தது. “இப்போது இந்தக் கோட்டைப் பாருங்கள்” என்று குரல் கூறியது. பார்க்கக் கோடு இல்லை. பிள்ளைகள் மூன்று கிழமையாகக் கேத்திர கணிதத்தை இருட்டிற் கேட்டுக்கொண்டிருந்தனர்.

சிக்னல் குறைவெனின் குரலும் நின்றிருக்க வேண்டும். அதே தொலைபேசியில், அதே இடத்தில், விஞ்ஞான ஆசிரியரின் பாடத்தை ஓடவிட்டோம். படம் நன்றாகத் தெரிந்தது. கருவி மாறவில்லை, வழி மாறவில்லை, நேரமும் மாறவில்லை. மாறியது அனுப்பிய இடமொன்றே. ஆகவே பழுது எம்மிடத்தே இருந்தது. கணித ஆசிரியர் புதிய தொலைபேசி வைத்திருந்தார். அது எச்.265 என்னும் புதிய கோடெக்கிற் பதிந்தது. 2013இல் வெளியான அம்முறை இடத்தை மிச்சப்படுத்துவது. ஆயினும் பழைய தொலைபேசிகளும் அந்நாளைய உலாவிகளுட் பலவும் அதனை விரிக்கமாட்டா. யூரியூப் போன்ற தளங்கள் தாமே படத்தைப் பல முறைகளுக்கு மாற்றிக் கொடுக்கும். நாங்கள் ஏற்றியிருந்த சேமிப்பிடமோ கொடுத்ததைக் கொடுத்தபடியே அனுப்பிற்று. ஆசிரியர் தமது தொலைபேசியின் அமைப்பில், எல்லாக் கருவிக்கும் பொருந்தும் முறையைத் தெரிந்து, பாடங்களை மீளப் பதிந்தார். மறுகிழமை பயிற்சிகள் வந்தன, பதினொன்றல்ல, பத்து. ஒரு பையன் அதற்குள் தந்தையுடன் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவனை மீண்டும் வகுப்பில் அமர்த்தப் பல மாதம் சென்றது. என் கடிதத்துக்காக அப்பெற்றோரிடம் நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பின்னர் எமது பாடசாலையில் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். அதனை நேயர்களுக்கும் கூறுகின்றேன்.

முதலாவதாக, பழுதின் எல்லையை அறிக. வேறொரு காணொளி ஓடுகின்றதா? ஓடினால் கருவியையும் வழியையும் குறைகூற வேண்டா. எதுவும் ஓடவில்லையாயின், அயலவரின் கருவியில் ஓடுகின்றதா எனக் கேளுங்கள். அங்கும் ஓடாவிடின் பழுது வீட்டுக்கு வெளியே உள்ளது. உலாவியைக் குடைவதாற் பயனில்லை.

இரண்டாவதாக, நடுவழியை நோக்குக. தரத்தை 144 அல்லது 240க்கு இறக்கிப் பாருங்கள். ஓடினால் வழி ஒடுங்கியுள்ளது என்பது பொருள். மாலையில் ஊரெல்லாம் ஒரே கோபுரத்தை நாடும். விடியற்காலையில் அதே கோபுரம் ஓய்ந்திருக்கும். தரவுப் பொதி தீர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். தலைமன்னாரில் வேறொரு விந்தையும் உண்டு. கடல்மேல் அலை தடையின்றிச் செல்வதால், தொலைபேசி சிலவேளை அக்கரைக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். கோடுகள் நிறைந்து நிற்கும். காணொளி மாத்திரம் வராது. தனுஷ்கோடிக்குச் செல்வோர் இதே விந்தையை மறுதலையாகக் காண்கின்றனர். அமைப்பிற் சென்று நமது சேவையைக் கையாலே தெரிந்துகொண்டால் இக்குறை நீங்கும்.

மூன்றாவதாக, உலாவியை நோக்குக. முதலிற் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். பின் உலாவியை மூடித் திறவுங்கள். தனிப்பட்ட சாளரத்தில் அதே காணொளியைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால், உலாவியிற் சேர்ந்துள்ள நீட்சிகளோ தேங்கிய பழைய கோப்புகளோ தடையாயுள்ளன. நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்; எல்லாவற்றையும் ஒருங்கே அகற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாது போகும். கணினியிற் படம் கறுத்தோ பச்சை நிறமாகவோ தோன்றினால், உலாவியின் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் என்பதை நிறுத்திப் பாருங்கள்.

நான்காவதாக, கருவியின் வயதையும் நாட்காட்டியையும் நோக்குக. பழைய பாடங்களை ஓட்டிய பிளாஷ் என்னும் மென்பொருள் 2020 டிசம்பர் 31ஆந் தேதியோடு கைவிடப்பட்டது. அதனை நம்பி அமைந்த பாடத்தட்டுகளும் பக்கங்களும் அதன் பின்னர் ஊமையாயின. அதனைத் தேடிப் பதிய முயல்வது ஆபத்து. வஞ்சகர் அப்பெயரால் தீய மென்பொருளைத் தருவர். மேலும், கணினியின் உள்ளே உள்ள சிறு பற்றரி தேய்ந்தால் தேதி பல ஆண்டு பின்னோக்கிச் செல்லும். பாதுகாப்பான தளங்கள் தமது சான்றிதழின் நாளை நமது கணினியின் நாளோடு ஒத்துப் பார்க்கின்றன. நாள் பிழைத்தாற் பக்கம் திறவாது. நாளைத் திருத்தினாற் போதும். நமது நாட்டு நேரமே 1996இல் இருமுறை மாற்றப்பட்டு 2006 ஏப்பிரிலிற் பழைய நிலைக்கு வந்ததை முதியோர் அறிவர். கணினிக்கும் அதனை நாம் அறிவிக்கவேண்டும்.

ஈற்றிற் சில தடைகள் நமது கைக்கு எட்டாதவை. 2008 சனவரி ஈற்றில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையிற் கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, நமது நாடு உட்பட ஆசியாவின் பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. 2019 ஏப்பிரிலிலும் 2022 ஏப்பிரிலிலும் சமூகத் தளங்கள் அரசினால் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டன. 2022 மார்ச்சு ஈற்றில் ஒருநாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, கோபுரங்களின் பற்றரிகளும் தாங்காது ஓய்ந்தன. அத்தகைய நாளிற் பிள்ளையின் உலாவியைத் திருத்த முயல்வது வீண். அச்சிட்ட தாளும், முன்னரே இறக்கி வைத்த பாடமும், ஆசிரியரின் கால்நடையுமே அந்நாளின் மருந்து.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த முறையும் இதுவே: நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பின்னரே செய்தல். கடலடிக் கம்பியைத் தடை அளந்து திருத்திய தந்தியாளனும், பெருக்கியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிய இல்லத்தானும் அம்முறையிலேயே நின்றனர். அதிபராகிய நான் ஒருமுறை அதனை மறந்தேன். பழுதின் இடத்தை அறியுமுன்னே பழியை ஒரு பிள்ளையின்மேற் சுமத்தினேன்.

இன்றும் நம் கரையோரங்களிற் பாடம் எட்டாத பிள்ளைகள் இருக்கின்றனர். ‘அவன் பார்க்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதுமுன், அவனுடைய திரையில் என்ன தெரிகின்றது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் ஒருமுறை அருகே அமர்ந்து பார்த்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஐந்து நிமிட நேரமும் சிறிது பொறுமையுமே தேவை.